மஞ்சள் பூசிய கள்ளி

என் மாமியார் இராஜம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல வாய் போதாமல் ஒரு செடியையும் துணைக்கு வைத்துக்கொண்டார். 1984 தை மாதம் பத்தாங் காலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு, கோல சிலாங்கூர் பக்கத்துச் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு வந்தேன். அன்றைக்கே தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் சப்பாத்திக்கள்ளித் தண்டு ஒன்றைக் கறுப்புக் கயிற்றில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். திருஷ்டிக்காகப் பலரும் கட்டுவதுதான். இவர் கட்டியது என்னைச் சோதிக்க.

"தீவாளி வரைக்கும் இது பச்சையா இருந்தா நீ இங்க இரு. காஞ்சிப் போச்சின்னா உன் ராசி சரியில்ல, ஒங்கம்மா வூட்டுக்குப் போயிடணும்."

நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஐந்தாம் படிவம், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு வரை படித்தவள், கள்ளியைப் பற்றி எனக்குத் தெரியாதா? அதற்கு இலை கிடையாது, முள்தான். வெயிலை வாங்கித் தனக்குச் சோறாக்குவது அந்தப் பச்சைத் தண்டே. உள்ளே கொழகொழவென்று தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண் இல்லாமல் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமியார் மஞ்சளைக் குழைத்துத் தண்டு முழுக்க அப்பிக் குங்குமம் வைத்தார். அடுத்த வெள்ளி அதன் மேலேயே இன்னொரு பூச்சு. பச்சையாக இருக்க வேண்டும் என்றவரே பச்சையை மூடிக்கொண்டிருந்தார். ஆடியில் தண்டு சுருங்க ஆரம்பித்தது.

"அத்தை, மஞ்சள் மூடிட்டா அதுக்கு வெயில் படாது. வெயில் இல்லாம எதைத் தின்னும்? சேத்து வெச்ச தண்ணி எவ்வளவு நாளைக்கு வரும்?"

"சாமிக்கு வெக்கிற மஞ்ச செடியக் கொல்லுமா? படிச்ச திமிரு!"

ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தேன். பார்த்துவிட்டார். லயமே கேட்கும்படி கத்திவிட்டு, துடைத்த இடத்தில் இன்னும் கெட்டியாக அப்பினார்.

என் வீட்டுக்காரர் தனபாலன் லோரி ஓட்டுபவர். அவரைத்தான் நம்பியிருந்தேன். மாமியார் வெட்டிவந்த அதே புதரிலிருந்து நானும் ஒரு சின்னத் தண்டைக் கொண்டுவந்து, மைலோ டின்னில் நட்டு, குளியலறைக்குப் பின்னால் வெயிலில் வைத்திருந்தேன். அது கொழுத்து, தலையில் புதுத் தண்டும் விட்டிருந்தது. அவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆமா லா, ரமணி. அம்மாதான் அதைப் பட்டினி போடுறாங்க."

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"நேரம் பாத்து சொல்றேன்."

தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. மாமியார் மஞ்சள் பூசத் தொட்டதும் தண்டு கயிற்றிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மஞ்சள் ஓடு உடைந்தது. உள்ளே வெறும் பழுப்பு நார்.

"பாத்தியா?" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். என் பெட்டியை அவரே தூக்கிவந்து வாசலில் வைத்தார்.

நான் பின்பக்கம் ஓடி, டின்னை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுவும் அதே புதர்தான் அத்தை. என் கையால வளத்தது. மஞ்சள் பூசலை, அவ்வளவுதான். உங்க மகனுக்கும் தெரியும், கேளுங்க!"

பக்கத்திலேயே நின்ற மகனை அவர் கேட்கவில்லை. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியை எடுத்து, புதுத் தண்டை நறுக்கென்று வெட்டி, அதே கறுப்புக் கயிற்றில் கட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. அடுத்து வர்றவளுக்கு ஆவும். தம்பி, அந்த மஞ்சக் கிண்ணத்த எடு."

நான் தனபாலனைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். தன் விரலால் அழுத்திப் பார்த்தவர். கிண்ணம் அவர் காலடியில்தான் இருந்தது. குனிந்தார், எடுத்தார், அம்மாவின் கையில் கொடுத்தார்.

"ரெண்டு பக்கமும் நல்லா பூசச் சொல்லுங்க" என்று தனபாலனிடம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.