ஆள் உட்கார்ந்தால் அணைய வேண்டிய விளக்கு

"நேரா உட்காருங்கன்னா—"

"நேராத்தான் உட்கார்ந்திருக்கேன், நீ ரோட்டைப் பாரு—"

"நல்லா, முதுகு படும்படியா—"

"இதுக்கு மேல சாய்ஞ்சா பின் சீட்டுக்கே போயிடுவேன். விடு!"

"லைட் எரியுதுங்க!"

"எரியட்டுமே. நம்ம வீட்டு மீட்டர்லயா ஓடுது?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அவருடைய மனைவி. கோபமெல்லாம் கியருக்குப் போனது. மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு தடவை தலையாட்டிவிட்டு நகர்ந்தது.

டாஷ்போர்டின் நடுவில், விரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் விளக்கு. அதில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் உருவம், நெஞ்சுக்கு முன்னால் ஒரு உருண்டை. பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் அது எரியும், ஆள் உட்கார்ந்தால் அணைய வேண்டும். அணையாவிட்டால், வண்டி எதிலாவது மோதினாலும் அந்தப் பக்கத்து ஏர்பேக் விரியாது. மகள் வேறு வண்டி வாங்கிக்கொண்டு இதை இவர்களிடம் விட்டுப் போனபோது, படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போன விஷயம் அது ஒன்றுதான்.

அவர் உட்கார்ந்திருக்கும்போது முதலில் எப்போதாவதுதான் எரிந்தது. அப்புறம் பள்ளம் மேடு வந்தால் எரிந்தது. இப்போது கடைக்குப் போகும்போதும் எரிகிறது, வரும்போதும் எரிகிறது. கடை என்றால் இவர்களுடைய தையல் கடை. அவர் வெட்டித் தைப்பார். அவள் காஜா எடுப்பாள், பட்டன் வைப்பாள், ஓரம் மடிப்பாள். முன்பெல்லாம் வண்டியை அவர்தான் ஓட்டுவார். கண் கூசுது, நீயே ஓட்டு என்று ஒரு நாள் சாவியை நீட்டினார். அன்றிலிருந்து அவருக்குப் பக்கத்து சீட்டுதான்.

"இன்னிக்கு மெக்கானிக் கிட்டக் காட்டிட்டுத்தான் மறுவேலை," என்றாள் அவள்.

"அவன்தான் ஏற்கெனவே பார்த்துட்டானே. கடையில துணி குவிஞ்சு கிடக்கு."

"கிடக்கட்டும்."

"ஒரு ஸ்டிக்கரை வாங்கி லைட்டு மேல ஒட்டினா ஆச்சு. எரியுதா இல்லையான்னே தெரியாது."

"ஒட்டுவீங்க, ஒட்டுவீங்க. எவனாவது வந்து இடிச்சா எனக்கு மட்டும் பை விரியும். நான் மட்டும் எழுந்து வரணுமாக்கும்?"

"வந்து கடையைப் பார்த்துக்க."

"நல்ல வார்த்தையே வராதா இந்த வாயில?"

ஒர்க்‌ஷாப் வாசலில் வண்டி நின்றதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். துடைக்கிற துணி இவர்கள் கடையில் வெட்டி மிஞ்சியதுதான். வாரத்துக்கு ஒரு மூட்டை வாங்கிப் போவான்.

"மறுபடியுமா அக்கா? சீட்டுக்கடியில ஒயரைக் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தேன். ஒரு தப்பும் காட்ட மாட்டேங்குது, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கு."

"அப்ப ஏன் எரியுது?"

"அதான் எனக்கும் மண்டை காயுது. சீட்டு மேல துண்டு, மெத்தை எதாவது போட்டிருக்கீங்களா?"

"நீ சொன்ன அன்னிக்கே எடுத்தாச்சு."

மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. இறங்கினான், எரிந்தது. "அக்கா, நீங்க உட்காருங்க." அவள் உட்கார்ந்தாள். அணைந்தது.

"உன்னைப் பார்த்தா விளக்குக்கும் பயம்," என்றார் தையல்காரர். மெக்கானிக் சிரித்தான்.

"அண்ணே, இப்ப நீங்க."

"எனக்கெதுக்குப்பா? நான் கடைக்குக் கிளம்பறேன்."

"ஒரு நிமிஷம் உட்காருங்களேன்."

உட்கார்ந்தார். எரிந்தது.

"போன், சாவி எல்லாம் வெளிய எடுங்க. கதவுல கையை ஊனாதீங்கண்ணே. காலையும் அழுத்தாம, இடுப்பு நல்லா அழுந்தற மாதிரி... ம்."

எரிந்துகொண்டே இருந்தது.

"சீட்டுக்கு உங்களைப் பிடிக்கலைண்ணே!" என்று சிரித்தான் மெக்கானிக். "சென்சார்தான் போயிருக்கும். இருங்க, எதுக்கும் ஒண்ணு பார்த்துடலாம். இதே மாடல் இன்னொண்ணு ஆயில் மாத்த வந்து நிக்குது. அதுல உட்காருங்க. அதுல அணைஞ்சுதுன்னா இதுல சென்சார் அவுட்டு."

"அடுத்தவன் வண்டியில எதுக்குப்பா—"

"உட்காருங்க," என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு நடந்து போய் அந்த வண்டியில் உட்கார்ந்தார். அதிலும் எரிந்தது.

மெக்கானிக் அவரை இறக்கிவிட்டுத் தான் உட்கார்ந்தான். அணைந்தது. மறுபடி அவரை உட்கார வைத்தான். எரிந்தது. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

"வண்டியில கோளாறு இல்லைக்கா."

"பின்னே?"

"சீட்டு எடை பார்க்கும். சின்னப் பிள்ளைங்க உட்கார்ந்திருந்தா, பை விரிஞ்சு முகத்துல அடிச்சிடும்னு அதுவே ஏர்பேக்கை நிறுத்தி வச்சிடும். ஒரு அளவுக்குக் கீழ இருந்தா..." காதைச் சொறிந்துகொண்டான். "அண்ணே எப்பவும் ஒல்லி உடம்புதானே."

"ஒல்லின்னா சாதாரண ஒல்லியா? காத்தடிச்சா இவ என் கையைப் பிடிச்சுக்குவா, பறந்துடக் கூடாதுன்னு."

அவள் சிரிக்கவில்லை. "போன மழைக்கு இதே மனுஷன் உட்கார்ந்தப்ப அணைஞ்சுதே," என்றாள்.

மெக்கானிக் ஒரு போன் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவன் போன் வெளியே மேசை மேலேயே கிடந்தது.

அவள் கணவரைக் கண்ணால் அளந்தாள். சட்டைத் தோள் எலும்பு மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. காலர் கழுத்தோடு நின்றது. இடுப்பில் பேண்ட் கச்சிதம். இளைத்தவருக்குத் துணி தொளதொளக்காதா? இவருக்கு எங்கேயும் தொங்கவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் கூடவே இருக்கிறவள் கண்ணுக்குத் தப்புமா?

அப்போது அவர் வண்டியிலிருந்து இறங்கி, கதவைச் சாத்துவதற்காகத் திரும்பினார். அவருடைய பேண்ட்டின் இரண்டு பின்பாக்கெட்டுகளையும் அவள் பார்த்தாள். நடுவே உள்ளங்கையை வைக்கலாம், அவ்வளவு இடம் விட்டுத்தான் அவர் பாக்கெட் வைப்பார். இப்போது இரண்டும் ரகசியம் பேசுவதுபோல ஒட்டிக்கொண்டு நின்றன.

இளைத்துப்போன வாடிக்கையாளர்கள் பேண்ட்டை இடுப்பில் பிடித்துச் சின்னதாக்கித் தரச் சொல்லி வருவார்கள். 'இதுக்கு மேல பிடிச்சா பாக்கெட் ரெண்டும் முட்டிக்கும், புதுசாத் தைச்சுக்குங்க' என்று அவர்களிடம் சொல்கிறவளே அவள்தான்.

பின்னாலிருந்து இடுப்புப் பட்டியை விரலால் மடக்கிப் பார்த்தாள். உள்ளே, பழைய தையல் பிரித்த ஊசித் துளைகள் வரிவரியாக ஓடின. ஒவ்வொரு வரிக்கும் உள்பக்கமாக அடுத்த வரி.

"என்னடி, அடுத்தவன் இடத்துல—"

"எப்பப் பிடிச்சீங்க?"

"எதை?"

"பேண்ட்டை. என் கண்ணுல படாம எப்பப் பிடிச்சீங்க?"

அவர் இடுப்பைச் சரிசெய்துகொண்டார். "நீ மதியம் சாப்பிட வீட்டுக்குப் போவியே, அப்ப."

"சட்டை?"

"அதுவும்தான்."

"எல்லாச் சட்டையுமா?"

"ஊருக்கெல்லாம் தைக்கிறேன், எனக்குத் தைச்சுக்கக் கூடாதா?"

காலையில் அவருக்குக் கட்டி எடுத்து வரும் சாப்பாட்டு டப்பா தினமும் காலியாகத்தான் வீடு திரும்பியது. யார் காலி செய்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

"வாங்க, டாக்டர்கிட்டப் போகலாம்."

"போயாச்சு."

"யாரு?"

"நான்தான். டெஸ்ட்டெல்லாம் எடுத்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை." அவர் வண்டியின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார். "வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னாங்க."

"எப்ப?"

"வெயில் ஆரம்பிச்சப்ப."

"இப்ப மழையே வந்தாச்சு."

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா காஜா கோணலாப் போகும். வாங்கிட்டுப் போறவன் என்னைத் திட்டுவான்."

அவள் அழவில்லை. அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் உட்கார்ந்ததும் பெல்ட்டை இழுத்துத் தானே மாட்டினாள். அது எவ்வளவு நீளம் உள்ளே சுருண்டு போன பிறகு அவர் மார்பில் படிந்தது என்பதை அவள் கை சொன்னது. சுற்றி வந்து வண்டியை எடுத்தாள்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம்," என்றார் அவர். "இன்னிக்குத் துணி வாங்க ஆள் வருவாங்க."

"வரட்டும். நிக்கட்டும்."

"உன் பொண்ணுகிட்ட எதையும் உளறி வைக்காதே."

"அவளை அப்புறம் பார்த்துக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி?"

"இல்லம்மா, கடையில பாதியில நிக்கிற கோட்டுக்காவது கை தைச்சு முடிச்சிட்டு..."

ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டி, பெரிய சாலையின் விளிம்பில் அவள் பிரேக்கை மிதித்தாள். பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

"அவன் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். இடப்பக்கமா வலப்பக்கமா, அதை மட்டும் சொல்லுங்க."