அவனுக்குத் தெரிந்த எழுத்து

கல்லில் பெயர் வெட்டுகிறவர் தாளைக் கண்ணுக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னக் கல் இந்த எழுத்தைத் தாங்காது என்றார். அக்கா தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். அவர் சொல்வது சரிதான் என்பது அவளுக்குத் தெரியாதா? அந்த எழுத்துருவை வரைந்தவளே அவள்தான்.

காம்பஸும் அளவுகோலும் வைத்து வரைந்தது. வளைவென்றால் வட்டத்தின் துண்டு, கோடென்றால் நூல் பிடித்த கோடு, எங்கே தொட்டாலும் ஒரே பருமன். நெளிவு சுளிவு எதுவும் கிடையாது. தெருக்கோடியில் நிற்பவனுக்கும் தெரியவேண்டுமென்று கடைப் பலகைக்காகச் செய்தாள். பிறகு அது பேருந்தின் விலாவில் ஏறியது, மருந்துக்கடை வாசலில் நின்றது, சோப்புத்தூள் பொட்டலத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. துணி துவைக்கப் போனாலும் உன் மூஞ்சியில்தான் முழிக்க வேண்டியிருக்கிறது என்று தங்கை கேலி செய்வாள்.

அந்தத் தங்கையின் மகனுக்குத்தான் கல். நாலு வயது. தெருவில் போகும்போது அம்மாவின் கையை இழுத்து நிறுத்தி, பலகைகளில் தன் பெயரின் எழுத்துகளைத் தேடிப் பிடிப்பான். பெரியம்மா எழுத்து என்பான். கடைசி எழுத்தை மட்டும் அம்மா சொல்லக் கூடாது, அவன்தான் சொல்வான். ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை.

சுழியெல்லாம் அடைத்துக்கொள்ளும், நடுவிலுள்ள கல் பெயர்ந்துவிடும், கீழே வருடங்களும் பெற்றவர் பெயரும் வேறு வரவேண்டும் என்று கல்வெட்டுகிறவர் பொறுமையாகச் சொன்னார். மெல்லிய எழுத்தாகக் கொண்டுவரச் சொன்னார்.

அக்கா தன் வீட்டுக்கு வந்து கணினியில் சுழிகளைக் கொஞ்சம் திறந்துவிட்டாள். கோடுகளைக் கொஞ்சம் குறைத்தாள். இன்னும் கொஞ்சம். குறைக்கக் குறைக்க எழுத்து இளைத்துக்கொண்டே போனது. கடைசியாகக் கட்டிலில் அவனைப் பார்த்தது நினைவுக்கு வர, திரையை அணைத்துவிட்டு எழுந்தாள்.

தங்கை வீட்டுக்குப் போய், வேறு எழுத்து ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டாள்.

"வேற எழுத்துல போட்டா அவனுக்குப் படிக்கத் தெரியாதேக்கா" என்றாள் தங்கை. குழந்தைக்குக் காரம் ஆகாது என்று சொல்வதுபோல, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அக்கா வெகுநேரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்போ பேரு மட்டும் போதும். கல்லு முழுக்க அவன் பேருதான்."

வாசற்படியில் நின்றிருந்த தங்கையின் கணவர், "வருஷம் வேணாமா?" என்று கேட்டார்.

"எவ்வளவுன்னுதான் நமக்குத் தெரியுமே" என்றாள் தங்கை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கல் நட்ட அன்று மூவரும் போனார்கள். மூன்றே எழுத்து. விளிம்பிலிருந்து விளிம்புவரை நெருக்கியடித்துக்கொண்டு, பொருத்தமே இல்லாத கனத்தோடு நின்றன. தங்கை மண்டியிட்டு முதல் எழுத்தில் விரலை வைத்து, வாய்விட்டுச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். மூன்றாவதில் விரலை வைத்துவிட்டு, தலையை லேசாகச் சாய்த்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள்.