ஒரு காது வெளியே

கண்ணாடிக்காரருக்கு மனைவிமேல் சந்தேகம் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலும் தேவலை. சந்தேகத்துக்கு ஒரு நடைமுறை இருக்கிறது; சண்டை போடலாம், சத்தியம் வாங்கலாம், மறுநாள் சமாதானமாகலாம். அவருக்கு வந்திருந்ததற்கு அப்படி ஒரு வழியும் இல்லை. மனைவி தலையில் ஒரு ஹெட்போன் இருந்தது. அதற்குள் ஏதோ ஓடியது. அதைக் கேட்டு அவள் சிரித்தாள், பக்கத்தில் நின்றவனும் சிரித்தான். தேநீர்க் கோப்பைகளோடு அடுக்களை வாசலில் நின்ற அவருக்கு அந்தச் சிரிப்பில் பங்கில்லை.

பக்கத்தில் நின்றவனுக்குச் சுருட்டை முடி. அதனால் உடற்பயிற்சிக் கூடத்தில் எல்லாரும் அவனைச் சுருள் என்றே கூப்பிட்டார்கள். அங்கே வரவேற்பு மேசையில் உட்காருபவன். விடுமுறை நாட்களில் விருந்துகளுக்குப் பாட்டுப் போடும் டிஜேயாகப் போய்வருவான். கண்ணாடிக்காரரின் மனைவி அதே கூடத்தில் பெண்களுக்குப் பயிற்சி சொல்லித் தருபவள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் பாதிப் பேர் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள், திரும்பக் கூட்டி வருவதற்குள் உடம்பு ஆறிவிடுகிறது என்பது அவளுடைய தீராத குறை. பாட்டை நிற்காமல் கோக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டாள். சுருள் பாட்டோடு பாட்டைக் கலக்கும் தன்னுடைய பழைய டிஜே போர்டைக் கொண்டுவந்து இவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தான். அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"இங்க பாருங்கண்ணே," என்று சுருள் அவருக்கும் விளக்கினான். "ஸ்பீக்கர்ல ஓடற பாட்டு எல்லாருக்கும். அடுத்து வரப்போற பாட்டு ஹெட்போன்ல, அக்காவுக்கு மட்டும். ரெண்டு தாளமும் ஒரே வேகத்துக்கு வந்ததும் மெதுவா உள்ள விட்டா, மாறினதே யாருக்கும் தெரியாது."

"அக்காவுக்கு மட்டும்னா நீ எப்படிக் கேக்கறே?"

"நான் வாத்தியாராச்சேண்ணே."

வாத்தியார் கேட்ட விதம்தான் விஷயம். இருந்தது ஒரே ஹெட்போன். அதன் ஒரு கிண்ணத்தை அவள் காதில் வைத்துக்கொள்ள, மறு கிண்ணத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி அவன் தன் காதை ஒட்டிக்கொள்வான். இரண்டு தலையும் ஒரே திசையில் மெல்ல ஆடும். வீடு முழுக்க ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்க, இன்னும் வராத பாட்டில் அவர்கள் இருவரும் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அம்மாள் இருந்தாள். கடைக்கே அவள் லென்ஸ் அக்கா. கண்ணாடிக்காரர் வேறு எங்கோ கேள்விப்பட்ட கதைபோல இதைச் சொல்லிப் பார்த்தார்.

"அக்கான்னு கூப்பிடறவன்மேல பொறாமைப்படறீங்களே, உங்களை என்ன பண்றது," என்றாள் அவள், தலை நிமிராமல்.

"நான் ஏன் பொறாமைப்படணும்?"

"அப்ப அந்த லென்ஸைக் கீழ வைங்க. துடைச்சுத் துடைச்சு அதுக்கே பவர் ஏறிடும்போல இருக்கு."

இரவல் ஹெட்போனின் பஞ்சு உறையில் தோல் உரிந்து, மனைவியின் கன்னத்தில் கறுப்புத் துணுக்குகளாக ஒட்டியது. போதாததற்கு அது அவள் கண்ணாடிக் காலை மண்டையோடு வைத்து அழுத்தியது. பயிற்சி முடிந்தால் காதுக்குப் பின்னால் இரண்டு சிவந்த கோடுகள் இருக்கும். அதை முதலில் பார்த்தவர் அவர்தான்; அது அவர் தொழில்.

"எனக்குன்னு ஒண்ணு வாங்கணும்," என்றாள் அவள். "சுருள் கூட வந்து பாத்துத் தரேன்னு சொல்லியிருக்கான்."

"அவன் எதுக்கு? நான் இல்லையா?"

"உங்களுக்கு அதுல என்னங்க தெரியும்?"

"காதைப் பத்தி எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே காதுமேலதான் என் பொழைப்பு ஓடுது."

அவள் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அவர் விடவில்லை. அவளுடைய பழைய கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஹெட்போன் கடைக்குப் போனார். ஹெட்போன்கள் வரிசையாகத் தொங்கிய சுவர் முன்னால் நின்று அந்தக் கண்ணாடியைத் தன் மூக்கில் மாட்டினார். அவளுக்குக் கிட்டப் பார்வை, அவருக்கு எதுவும் இல்லை. கடை முழுக்கக் கலங்கிப்போனது. கலங்கலுக்குள்ளிருந்து விற்பனைப் பெண்ணின் குரல் வந்தது.

"யாருக்கு சார்?"

"இந்தக் கண்ணாடியைப் போடறவங்களுக்கு."

"எதுக்கு சார் வேணும்? பாட்டு கேக்கவா, ஆபீஸ் வேலைக்கா?"

டிஜே கற்றுக்கொள்ள என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் இவளும் தாளம், வேகம் என்று ஆரம்பித்துவிடுவாள். சுருளைத் தவிர்க்க வந்த இடத்தில் இன்னொரு சுருள். "வீட்ல உக்காந்து பாட்டு கேக்க," என்றார்.

ஒவ்வொன்றாக மாட்டி, விரல் நுனியால் காதின் பின்பக்கத்தைத் தடவி, எங்கே அழுத்துகிறது என்று பார்த்தார். குனிந்தார், நிமிர்ந்தார், தலையை உதறினார். ஒரு கறுப்பு ஹெட்போனில் இரண்டு கிண்ணமும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று முழுசாகத் திரும்பின. திருகு தளர்ந்த பிரேமைப் பார்த்த மாதிரி அவர் முகம் சுளித்தது. தலையில் மாட்டுகிற பொருள் இரண்டு பக்கமும் சமமாக, அசையாமல் உட்கார வேண்டும். அவர் படித்த படிப்பு அது. அதை ஒதுக்கிவிட்டு, துணி உறை போட்ட மெத்தையும், கிண்ணங்களின் முதுகில் சல்லடை போன்ற வலையும் கொண்ட ஒன்றை எடுத்தார். மாட்டியதும் யாரோ இரண்டு உள்ளங்கையால் காதைப் பொத்தியது போல இருந்தது. கண்ணாடிக் கால் அங்கே இருப்பதே தெரியவில்லை.

"நாள் பூரா போட்டாலும் வலிக்காது சார். நல்ல காத்தோட்டம். சத்தமும் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கும்."

"இதான்," என்றார்.

வீட்டில் அவள் அதை மாட்டி, கண்ணை மூடி ஒரு பாட்டு முழுசையும் கேட்டாள். "பாடறவங்க மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதுங்க," என்றாள். "தலையில இருக்கறதே தெரியல." அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சாப்பாடு இறங்கியது. சுருளின் இரவல் ஹெட்போனைப் பையில் போட்டு, "நானே குடுத்துட்டு வரேன்," என்று அன்றே கிளம்பினார். அவ்வளவு சுறுசுறுப்பாக அவர் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை.

பயிற்சி தொடங்கிய பிறகுதான் சிக்கல். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டு வலை வழியாகப் புகுந்து, அவள் தனியாகக் கேட்க வேண்டிய பாட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு காதை மட்டும் திறந்துகொள்ள ஒரு கிண்ணத்தைப் பின்னுக்குத் தள்ளினாள். திரும்பாத கிண்ணம், வழுக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தது. எதிரே நாற்காலியில் கணவர், மாப்பிள்ளைத் தோழன்போல முகமெல்லாம் பெருமையாக உட்கார்ந்திருந்தார். அவள் இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தாள். தனியாகப் பழகிக்கொள்கிறேன் என்று சுருளிடம் சொல்லிவிட்டாள். அவன் வரவில்லை. கண்ணாடிக்காரர் சீட்டியடித்துக்கொண்டு கடைக்குப் போனார்.

பிறகு ஒரு நாள் அவள் போர்டை உடற்பயிற்சிக் கூடத்துக்கு எடுத்துப் போய், வகுப்பு நடக்கும்போதே பாட்டைக் கோத்துப் பார்த்தாள். அன்று மாலை பையைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு பாட்டும் ஒண்ணுமேல ஒண்ணு விழுந்துடுச்சு. முன்வரிசை அம்மா இடது காலைத் தூக்கறதா வலது காலைத் தூக்கறதான்னு தெரியாம ரெண்டையும் தூக்கப் பாத்தாங்க. நல்லவேளை, விழல." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "எனக்கு வராதுங்க. விட்டுடறேன்."

போர்டைத் துணியால் மூடி அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். சாப்பாட்டு மேசை அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

சில நாள் கழித்து, தன் கண்ணாடியின் கோணிப்போன பிரேமை நிமிர்த்த வேண்டும் என்று சுருள் கண்ணாடிக் கடைக்கு வந்தான். அவர் அதைச் சூட்டில் காட்டிக்கொண்டிருந்தபோது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே. நீங்க வாங்கினது பாட்டு கேக்க அருமையானது. இந்த வேலைக்கு ஆகாது. இதுக்கு முதுகு மூடினதா வேணும், வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாது. கிண்ணம் திரும்பணும். ஒரு காது உள்ள இருக்கணும், ஒரு காது வெளிய இருக்கணும். அக்காவுக்கு நல்லா வருது. அந்த ஹெட்போன்ல எனக்கே வராது."

"அவ எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல வேணாம்னாங்க. 'பாத்துப் பாத்து வாங்கிட்டு வந்திருக்கார், மனசு கஷ்டப்படும்'னாங்க. நான் சொன்னதாக் காட்டிக்காதீங்க."

தன் மனம் கஷ்டப்படும் என்பதைக்கூட அவள் இவனிடம்தான் சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்காரர் பிரேமின் வலது காலைத் தேவைக்கு ஒரு நூல் கூடுதலாக வளைத்தார். சுருள் மாட்டிப் பார்த்து, நன்றி சொல்லி, காதைத் தேய்த்துக்கொண்டே வாசலுக்குப் போனான்.

பின்னறையிலிருந்து லென்ஸ் அக்கா வந்தாள். "தம்பி, இங்க வா. வலது பக்கம் பிடிக்குது பாரு. சார் இன்னொரு தடவை பாத்துக் குடுப்பார்."

சார் இன்னொரு தடவை பார்த்துக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மாலைகளில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். அவர் கேட்டதற்கு உடனே பதில் சொன்னாள், அவர் பார்த்த பக்கமே பார்த்தாள். இத்தனை நாள் அவர் ஏங்கியது இதற்குத்தான். கிடைத்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு மாலை, துணி துவைக்கும் மெஷின் கடைசிச் சுற்றில் தடதடத்தது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. சோபாவில் இருந்த அவளுடைய கால், அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒரு வேகத்தைத் தேடித் தட்ட ஆரம்பித்தது. அவள் அதைக் கவனித்தாள். காலை மடக்கி அடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் டிவியை நிறுத்தினார்.

"அந்த ஹெட்போன் இதுக்கு ஆகாதாம். உனக்கு நல்லா வருதாம்."

"யார் சொன்னா?"

"சுருள்."

"எப்ப?"

"போன வாரம்."

அவள் எழுந்து நின்றாள். "ஒரு வாரமாத் தெரிஞ்சும், எனக்கு வராதுன்னு நான் விட்டுட்டு உக்காந்திருந்ததைப் பாத்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"ஏங்க?"

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "நீ என்கூட இருந்தே," என்றார்.

"நான் எங்க போனேன்? அந்த மேசைகிட்டதானே நின்னேன். ஒரு காதைத் திறந்து வெச்சுட்டுத்தானே நின்னேன். நீங்க ஒரு வார்த்தை பேசியிருந்தா கேட்டிருக்கும்."

"நீயும் எங்கிட்டச் சொல்லல. அவன்கிட்டச் சொன்னே," என்றார்.

"உங்ககிட்டச் சொன்னா உங்க மூஞ்சிய நான்தானே பாத்துட்டு உக்காரணும்."

மறுநாள் காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் ஹெட்போன் கடைக்குப் போலாம். அவனையும் வரச் சொல்லு," என்றார். கடைசி மூன்று சொற்களும் பல்லைப் பிடுங்குவது போல வெளியே வந்தன.

கடையில் அதே விற்பனைப் பெண். "சார், பாட்டு கேக்கன்னுதானே சொன்னீங்க," என்றாள். மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பழைய கணக்குக்கு மேல் புதுக் கணக்கு ஒன்று ஏறியது. அவள் எடுத்தது, அவர் திருகு தளர்ந்தது என்று ஒதுக்கிய அதே கறுப்பு ஹெட்போன். ஒரு கிண்ணத்தைக் காதில் வைத்து, மறு கிண்ணத்தை ஒரே தட்டில் பின்னால் திருப்பினாள். கழுத்து தானாகச் சாய்ந்தது. சுருள் கட்டை விரலை உயர்த்தினான். அவள் அதற்குத் தலையசைத்தாள். கண்ணாடிக்காரர் விலைச்சீட்டைப் படிப்பது போல நின்றார்.

"கண்ணாடி மேல கொஞ்சம் அழுத்துது," என்றாள்.

"கழட்டிக் குடு," என்றார். "கால் ரெண்டையும் தலையோட ஒட்டினாப்புல வளைச்சுத் தரேன். மெத்தை அதுமேல சமமா உக்காந்துக்கும்."

அவள் கழற்றிக் கொடுத்தாள். அவ்வளவுதான். சமாதானம் என்று எடுத்துக்கொள்ள அவருக்குத் துணிச்சல் வரவில்லை. தன் கடைக்குப் போய்ச் சூட்டில் காட்டி வளைத்து, நேரே வீட்டுக்கு எடுத்து வந்தார். போர்டு மறுபடி சாப்பாட்டு மேசையில் இருந்தது. சுருள் வயர்களைச் செருகிக்கொண்டிருந்தான். அவள் கண்ணாடியை மாட்டி, அதன்மேல் ஹெட்போனை மாட்டி, தலையை ஆட்டிப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்று அவள் சொல்லாததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஸ்பீக்கரில் ஒரு பாட்டு ஓடியது. அவர் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இந்தத் தடவை விடக்கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டார். அவள் விரல்கள் போர்டின் வட்டத் தட்டை ஒரு பக்கம் மெல்லத் தள்ளின, மறுபடி தள்ளின. நடுவில் இருந்த தள்ளுபொத்தான் மேலே ஏறியது. பாடிக்கொண்டிருந்தது வேறு பாட்டு. எப்போது, எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. சுருளின் தலை அதற்கு முன்பே ஆட ஆரம்பித்திருந்தது. அவள் முதலில் அவனைத்தான் பார்த்தாள், பிறகுதான் இவரை.

"இன்னொரு தடவை பண்ணு," என்றார் கண்ணாடிக்காரர்.

"எதுக்கு?"

"எங்க மாறுச்சுன்னு எனக்குப் பிடிபடல."

சுருள் வாயைத் திறந்தான்.

"நீ சொல்லாதே," என்றார் அவர். "அவ சொல்லட்டும்."