ஒன்பதாம் இலக்கத்துக்கு ஒரு நன்றி

பொதுத் தேர்தலுக்கு முந்திய வாரம், வெள்ளவத்தையில் நான் படிக்கும் மாலை நேர இதழியல் வகுப்பில் சொல்நயம் பற்றிய பாடம் நடந்தது. ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வது, வாசகரைக் கேள்வி கேட்பது, பழகிய பொருளோடு ஒப்பிடுவது. பயிற்சியாக, வாக்களிக்கும் முறையை விளக்கி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். நன்றாக இருப்பது பத்திரிகைக்குப் போகும் என்றார்கள்.

பகலில் நான் வேலை செய்யும் மருதானைக் கந்தோரில் சாப்பாட்டு நேரங்களில் எழுதினேன். தெருச் சுவரெல்லாம் வேட்பாளர்களின் இலக்கங்களாக இருந்ததால், பந்திக்குப் பந்தி கடைசி வரியை “உங்கள் இலக்கம் உங்கள் பலம்” என்று முடித்தேன். முடித்த பிறகுதான், வாசிப்பவர்களுக்கு விளங்குமா என்ற சந்தேகம் வந்தது. யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.

கொட்டாஞ்சேனையில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரி யோசெப்பின் அக்கா. அவருடைய கணவர் றேமண்ட் துறைமுகத்தில் வேலை. போன வருடம் ஒரு சுற்றிவளைப்பில் பொலிசார் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வழக்கறிஞர் பொலிஸ் நிலையத்தில் காத்திருந்து அவரை வெளியே கொண்டுவந்தார். அவர்தான் இம்முறை ஒன்பதாம் இலக்கத்தில் நிற்கிறார். அக்கா இதுவரை வாக்களித்ததே இல்லை. இந்த ஒரு வாக்குத்தான் அவருக்குத் தன்னால் காட்டக்கூடிய நன்றி என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மீன் வெட்டியபடி கட்டுரையைக் கேட்டார். ஃபாதர் பிரசங்கம் வைப்பது போல இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம். ஆனாலும் மனம் ஆறாமல், கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஒரு வாக்குச்சீட்டு வரைந்தேன். மேலே கட்சிகள், கீழே விருப்பு வாக்குக்கான வேட்பாளர் இலக்கங்கள். போட்டுக் காட்டச் சொன்னேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு, ஒன்பதின் மேல் தாள் கிழியுமளவுக்குக் குறுக்காக இரண்டு கோடு இழுத்து ஒரு புள்ளடி போட்டுத் திருப்பித் தந்தார்.

“கட்சிக்கு?”

“கட்சி எனக்கு என்னத்துக்கு? கட்சியில ஒருத்தனும் பொலிசுக்கு வரல்ல. அவர்தான் வந்தவர்.”

கட்சிக்குப் புள்ளடி இல்லாவிட்டால் சீட்டே செல்லாது என்று சொன்னேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“அப்ப அவருக்குச் சேராதா? இத ஏன் தங்கச்சி வாசிக்கக்குள்ள சொல்லல்ல?”

சொல்லியிருந்தேன், நடுவில் எங்கோ, ஒரே தடவை. இலக்கத்தைத்தான் பந்திதோறும் சொல்லியிருந்தேன். சொன்ன விதம் வேலை செய்திருக்கிறது, பிழையான இடத்தில்.

முற்றத்திலிருந்த றேமண்ட் அண்ணன், தன் மனுசி லொத்தர்ச் சீட்டில் இலக்கம் வெட்டுவதாக நினைத்துவிட்டாள் என்று சிரித்தார்.

“கட்சி வாசல் மாதிரி, அக்கா,” என்றேன். “வாசலால போகாமல் உங்கட ஆளிட்டப் போகேலாது.”

“அந்த வாசல்ல நிக்கிறவனுகளுக்கும் நான் வணக்கம் வைக்கணுமா?” என்று கேட்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

அன்றே திருத்தி எழுதினேன். “முதலில் கட்சிக்குப் புள்ளடி” என்று எல்லாப் பந்தியையும் முடித்தேன். வாசலையும் சேர்த்தேன். புதிய தாளில் அக்கா இரண்டு புள்ளடியும் சரியாகப் போட்டார். பத்திரிகையில் தேர்தல் பக்கத்தைப் பார்க்கும் பொன்னம்பலம் மற்ற எல்லாவற்றையும் வெட்டி, வாசல் வசனத்தையும் அந்த ஒரு வரியையும் மட்டும் கட்டம் கட்டிப் போட்டார். என் பெயர் இல்லை. முதலில் மனம் சுருங்கியது. திரும்ப வாசித்தபோது எதுவும் குறையவில்லை என்று தெரிந்தது. அவருக்கும் என் நன்றி.

எனக்குக் கொழும்பில் வாக்கு இல்லை, பெயர் யாழ்ப்பாணப் பட்டியலில் இருக்கிறது. அக்காவோடு பள்ளிக்கூட வாசல்வரை போய், வெளியே நின்றேன். அடையாள அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மை பூசிய விரலோடு வந்தார். இரண்டு புள்ளடியும் சரியா என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

வானொலியில் விருப்பு வாக்குகள் வாசித்தபோது மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். வழக்கறிஞர் தெரிவாகவில்லை.

“தோத்துட்டாரே,” என்றார் றேமண்ட் அண்ணன்.

“தோத்தா என்ன,” என்றார் அக்கா. “எண்ணினதில நம்மடதும் இருக்கு. நாளைக்குப் போய் அவருக்குச் சொல்லிட்டு வருவம்.”

என்னையும் வரச் சொன்னார்.