அண்ணியின் தலையில் ஒரு பரீட்சை

வீட்டில் அவளுக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். வைத்தது அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், அதாவது புருஷனின் அக்கா. அழகு நிலையத்தில் பத்து வருஷம் வேலை பார்க்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள், சொல்லுங்கள்.

வெட்டுவதில் அவ்வளவு சுத்தமான கை. ஆனாலும் சான்றிதழ் இல்லாததால் பின்பக்கம் தலை அலசுகிற வேலைதான். கூட்டம் சேர்ந்தால் மட்டும் கத்திரிக்கோலைக் கொடுப்பார்கள். "சர்டிபிகேட் வாங்கிட்டு வா, கண்ணாடி முன்னால உனக்கு ஒரு நாற்காலி போடறேன்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள்.

வாரத்தில் இரண்டு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வகுப்புக்குப் போனாள். நாத்தனார் சும்மா இருப்பாளா?

"முடி வெட்டறதுக்குப் படிப்பா? அப்போ மூக்கு சிந்தறதுக்கும் ஒரு காலேஜ் இருக்குமே!"

செய்முறைத் தேர்வுக்கு நீள முடியுள்ள ஓர் ஆளைக் கூட்டிப்போய், வெட்டி, சாயம் பூசிக் காட்ட வேண்டும். வருகிறேன் என்றவர்களெல்லாம் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் நாத்தனாரே, "என் தலையை எடுத்துக்கோ. கெடுத்தே, தொலைச்சுடுவேன்" என்றாள். ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முன்கூட்டியே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு சாயம் வைத்தார்கள். அதற்கு விட்டாள். கொண்டையை அவிழ்க்க மட்டும் விடவில்லை. "பரீட்சை அன்னைக்குப் பாத்துக்கலாம், போடி."

தேர்வு அறையில் வரிசையாக நாற்காலிகள், நாற்காலிக்கு ஒரு தலை. கத்திரி கொண்டையை அவிழ்த்து வகிடு பிரித்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடியே இல்லை. தோல் சிவந்து, அங்கங்கே பொருக்குத் தட்டியிருந்தது.

"அண்ணி, எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷமா. எதை எதையோ தேய்ச்சுப் புண்ணாயிடுச்சு. ஒருத்தருக்கும் தெரியாது. வாயத் திறக்காதே."

"பின்ன ஏன் வந்தீங்க?"

"உனக்கு வேற எந்தக் கழுதை வந்துச்சு?"

"சாயம் பட்டா எரியும் அண்ணி."

"எரியட்டும், நான் தாங்கிக்கறேன். நீ பாஸாகு. பூசுடி!"

கலக்கிய கிண்ணம் ஒரு கையில், பிரஷ் மறு கையில். நுனி முடிக்கு மட்டும் பூசலாமா? வழிந்து மேலே பட்டுவிட்டால்? பக்கத்து நாற்காலிகளில் பாதி வேலை முடிந்திருந்தது. கத்திரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

தேர்வாளர் அம்மா வந்தார். "என்னம்மா, இன்னும் ஆரம்பிக்கல?"

"இவங்களுக்கு இன்னைக்குச் சாயம் போட மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"அது அவங்க சொந்த விஷயம். நான் சொல்லக் கூடாது."

"காரணம் தெரியாம நான் எப்படிம்மா மார்க் போடறது?"

கத்திரி கிண்ணத்தை இன்னும் தள்ளி வைத்தாள். நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏம்மா அவளை மிரட்டுறே? இந்தா, பாத்துக்கோ!"

தன் கையாலேயே முடியை விலக்கிக் காட்டினாள். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள் மகராசி.

தேர்வாளரின் குரல் தணிந்தது. "போடாம நிறுத்தினது சரிதான். ஆனா போட்டுக் காட்டினாத்தான் பாஸ். இப்போ வெட்டி முடிங்க. சாயத்துக்கு அடுத்த பரீட்சைக்கு வேற ஆளோட வாங்க."

அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து. கத்திரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெட்டினாள். பக்கத்து முடி எழும்பி உச்சியின் மேல் தானாக விழுகிற மாதிரி படிப்படியாக வெட்டினாள். நாத்தனார் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். அந்த வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியுமா?

தெருவுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "ஆறு மாசம் போச்சேடி பைத்தியமே! பூசித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம் அண்ணி."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன சொல்றே! சரி, அடுத்த தடவை என் தம்பியைப் பிடிச்சு உக்கார வைக்கிறேன்."

"அவருக்கு நீள முடி எங்கே இருக்கு?"

"வளர்க்கட்டும். அதான் ஆறு மாசம் கிடக்கே!"

வளர்த்தான், பாவம். வேலை செய்யும் இடத்தில் கேலி பண்ணினார்கள், அப்படியும் வளர்த்தான். முடி சட்டைக் காலரைத் தாண்டியதும் போய் உட்கார்ந்தான், செம்பட்டைத் தலையோடு திரும்பினான். கத்திரி பாஸ்.

இப்போது கண்ணாடி முன்னால் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது. அவள் புருஷனின் தலையைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. அவனோ தொப்பி போடாமல்தான் நடக்கிறான்.