எண்பதுக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும்

"எவ்வளவு ஏறியிருக்குதுங்க?" என்று ரஞ்சனி கேட்டாள்.

ஆனந்தகுமார் காருக்குள் இருந்தபடியே தலையைச் சாய்த்து சார்ஜர் பெட்டியின் திரையைப் பார்த்தான். "அறுபத்தொண்ணு."

"ம்."

ஆண்டகளூர் கேட் அருகே, நாமக்கல் சாலையோரம் இருந்த உணவகத்தின் பின்பக்கம் அது. ஒரு வேப்பமரம், இரண்டு சார்ஜர்கள், சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. கிழக்கே போதமலை மங்கலாகத் தெரியும். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஒன்று போனால் கார் கண்ணாடி லேசாக அதிரும். வேறு எதுவும் கிடையாது. ஆனால் ரஞ்சனிக்கு ஊரில் இதைவிடப் பிடித்த இடம் இல்லை.

"அப்பறம் என்ன சொன்னாரு அந்த ஆத்தூர்க் கடைக்காரரு?"

ஆனந்தகுமார் நிமிர்ந்து உட்கார்ந்து, இல்லாத தொப்பையைத் தடவிக்கொண்டு, மூக்கால் பேசினான். "'ஏம்ப்பா தம்பி, இந்தச் சேலைக் கலர வெச்சு நான் என்னத்த பண்றது? கடை ஜன்னலுக்குத் திரையா கட்டறதா?' அப்படின்னாரு."

"நீங்க?"

"கட்டுங்கண்ணா, வெளியில போறவங்க பாத்துட்டு உள்ள வருவாங்கன்னேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அதுலயே ரெண்டு பண்டல் எடுத்துக்கிட்டாரு."

அவள் வேகவைத்த நிலக்கடலையைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன மறந்து சிரித்தாள். இந்த ஆனந்தகுமாரை வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வீட்டில் அவன் அவளிடம் பேசுவதெல்லாம் கேள்விகள்தான். சாவி எங்கே? அப்பா சாப்பிட்டாரா? சேலத்துக்காரர் போன் பண்ணினாரா?

அதற்காக அவனைக் குறை சொல்லவும் முடியாது. ராசிபுரத்தில் அவர்கள் வீடு அப்படி. கீழே ஜவுளி குடோன். மேலே வீடு. வீட்டுக் கூடத்தில் காலை முதல் சேலை மடிக்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கொள்முதலுக்கு வருபவர்கள் காபிக்கு மேலே ஏறி வருவார்கள். அறைக்கதவைச் சாத்தினால், "ஏனுங்க, மருமகளுக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று நான்கு பேர் விசாரிப்பார்கள். ராத்திரி எல்லோரும் போன பிறகு, அவன் தலையணையில் தலை வைத்ததும் தூங்கிவிடுவான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில், அவன் பள்ளிக்கூட நாடகத்தில் நடித்தவன் என்பதே இந்தக் கார் வந்த பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

கடைகடையாகப் போய் வரும் தொழிலுக்குக் கட்டுப்படியாகும் என்றுதான் இந்த மின்சாரக் காரை வாங்கினான். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, வீட்டில் சார்ஜ் ஏறாது என்று. தறி ஓட்டிய காலத்து ஒயரிங். எர்த் சரியில்லை. ஒயரைச் செருகினால் கார் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்துவிடும். அதனால் ஒன்றுவிட்டு ஒரு நாள், சாயங்காலம், இந்த வேப்பமரத்தடி.

முதல் தடவை, "தனியா என்னடா பண்ணுவ, அவளையும் கூட்டிக்கிட்டுப் போ" என்று மாமியார் பெரியநாயகிதான் சொன்னார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வண்டிக்குச் சார்ஜ் போடப் போகிறார்கள் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டுக்கு வேண்டிய வேலை அது.

நாற்பது நிமிடம். அதில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"எவ்வளவுங்க?"

"எழுபத்திரண்டு." அவன் அவளைப் பார்த்துப் புன்னகைத்தான். ஏதோ ஒளித்து வைத்திருப்பவனின் புன்னகை. "இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் ரஞ்சனி. காளியண்ணங்கிட்டச் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வந்து வீட்டுக்குப் பின்னால எர்த் குழி வெட்டறாரு. காரு நிறுத்தற இடத்துல தனி பாயிண்ட்டு. இனிமே நீ இங்க வந்து இப்படிக் காத்துக் கெடக்க வேண்டியதில்ல."

அவள் கையில் இருந்த கடலையின் தோல் ஈரமாக விரலில் ஒட்டிக்கொண்டது.

"சந்தோசந்தான?"

"நல்லதுங்க" என்றாள்.

வேறு என்ன சொல்வது? அவளுக்காகச் செய்கிறான். கரண்ட் செலவு குறையும் என்று மாமனாரிடம் ஒரு வாரம் பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். அந்த ஏனுக்கு, 'நீங்க எனக்கு இங்கதான் கெடைக்கறீங்க' என்பதுதான் பதில். அதைச் சொல்ல வாய் வரவில்லை. திரையில் எண்பது வந்ததும் சார்ஜர் தானாக நின்றது. அவன் இறங்கிப் போய், காரில் செருகியிருந்த சார்ஜர் கன்னைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினான்.

வெள்ளிக்கிழமை எலக்ட்ரீசியன் காளியண்ணன் வந்து, ஆளை வைத்துக் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி மூடினார். வெளிச்சுவரில் பாயிண்டைப் பொருத்தி, அதன் சுவிட்சை மட்டும் நல்ல உயரத்தில் வைத்தார். "குடோனுக்கு வாரவங்க புள்ளைங்க எல்லாம் இங்கதான் வெளையாடுதுங்க. கைக்கு எட்டாம இருக்கோணும்" என்றார்.

பெரியநாயகி தட்டில் கற்பூரத்தோடு வந்தார். எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. பாயிண்டுக்குச் சந்தனம் வைத்தாயிற்று. சுவிட்சுக்கு வைக்கக் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை.

"நீ வெய்யி சாமி. ஆண்டவன் உனக்குத்தான் ஒசரத்தக் குடுத்திருக்கறான்."

ரஞ்சனி எட்டி, அந்தச் சுவிட்சின் மேல் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். தன் கையாலேயே வைத்தாள்.

அன்றிலிருந்து கார் வீட்டிலேயே சாப்பிட்டது. சாயங்காலம் வந்ததும் ஆனந்தகுமார் ஒயரை மாட்டிவிட்டு நேராகக் குடோனுக்குள் போய்விடுவான். மிச்சமான நேரத்தையும் வியாபாரம் எடுத்துக்கொண்டது. சாவி எங்கே? அப்பா சாப்பிட்டாரா?

பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் துணிந்து, "கோயிலுக்குப் போய்ட்டு வரலாமுங்களா?" என்று கேட்டாள். அவன் சரி என்றதும் மாமனார் குமாரசாமி சட்டையை மாட்டிக்கொண்டார். மாமியார் தேங்காய்ப் பை எடுத்தார். சேலை மடிக்கும் அக்காக்கள் இருவர், "வழியில எங்கள எறக்கி உட்ருங்க" என்று ஏறிக்கொண்டார்கள். ரஞ்சனி பின் இருக்கையில் தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கணவனின் பின்னந்தலையைப் பார்த்தபடி போய் வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தி நேரத்தில் காய்ந்த துணிகளை எடுக்க வெளியே வந்தாள். கார் ஒயரோடு நின்றுகொண்டிருந்தது. சுவிட்சில் அவள் வைத்த குங்குமம் பாதி உதிர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தாள். துணிகளை இடது தோளில் போட்டுக்கொண்டு, எட்டி, சுவிட்சை அணைத்தாள். திரும்பிப் பார்க்காமல் படி ஏறினாள்.

மறுநாள் காலை கீழிருந்து ஆனந்தகுமாரின் குரல் கேட்டது.

"யாரு சுவிட்ச ஆஃப் பண்ணுனது? இருபது கூட இல்ல! நான் சேலம் போயிட்டு மேச்சேரி வரைக்கும் போகோணும்!"

கூடத்தில் எல்லோர் கண்களும் பெரியநாயகியின் பக்கம் திரும்பின. அது நியாயம்தான். ஆள் இல்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்குப் பொறுக்காது. வானம் லேசாக உறுமினால் பிரிட்ஜ் முதல் மோட்டார் வரை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் உட்காருவார்.

ஆனந்தகுமார் மேலே வந்தான். "ஏம்மா, உங்களுக்கு எத்தன வாட்டி சொல்றது?"

ரஞ்சனி முன்னால் வந்தாள். தன் பிழைக்கு மாமியார் பேச்சு வாங்குவதா? "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தாள்.

"நாந்தான் அணைச்சேன்" என்றார் பெரியநாயகி. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மணையிலிருந்து எழக்கூட இல்லை. "இடி இடிச்சுது. அணைச்சுப்போட்டேன்."

குமாரசாமி செய்தித்தாளைத் தாழ்த்தினார். "மாசி மாசத்துல ஏது இடி?"

"உங்களுக்கு எங்க கேக்கப்போவுது? தறிச் சத்தத்துலயே காது போயிருச்சு."

மடிக்கும் பெண்கள் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இப்ப என்ன ஆயிப்போச்சு?" என்று பெரியநாயகி மகனிடம் திரும்பினார். "போற வழியில ஆண்டகளூர் கேட்டுல சார்ஜ் போட்டுக்கோ. அவளையும் கூட்டிக்கிட்டுப் போ. ஏத்திக்கிட்டு வந்து அவள இங்க எறக்கி உட்டுட்டுப் போனாப் போவுது. சாமி, நீ போயி சேலைய மாத்து."

வேப்பமரத்தடியில் காலை வெயில் புள்ளிபுள்ளியாக விழுந்திருந்தது. ஆனந்தகுமார் கன்னை மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். முகத்தில் இன்னும் கடுப்பு இருந்தது.

"இந்த அம்மாவ வெச்சுக்கிட்டு..."

"அத்தை அணைக்கலீங்க."

"பின்ன?"

"நாந்தான்."

அவன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தான். "துணி எடுக்கறப்பக் கை பட்டுருச்சா?"

பொய் சொல்ல ஒரு வழியை அவனே திறந்துவிட்டான். ஆமாம் என்றால் முடிந்தது. வண்டி நிறையும், வீட்டுக்குப் போகலாம், சாயங்காலம் மறுபடியும் அந்தச் சுவர், அந்த ஒயர்.

"இல்லீங்க. வேணும்னுதான் அணைச்சேன்." மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இங்க வரோணும்னு."

"இங்கயா? இங்க என்ன இருக்குது? உனக்குத்தான் இங்க உக்காந்திருக்கறது சடப்பா, அலுப்பா இருக்குமே? அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எவ்வளவு, எவ்வளவுன்னு கேப்ப. அதப் பாத்துத்தான நான் அப்பாகிட்ட அவ்வளவு பேசி..."

"முடியப்போவுதான்னு பயந்துக்கிட்டுக் கேட்டனுங்க."

அவன் திரும்பி சார்ஜர் திரையைப் பார்த்தான்.

"வீட்ல நீங்க எல்லாருக்கும் இருக்கறீங்க. அது தப்புன்னு சொல்லல. ஆனா ஆத்தூர்க் கடைக்காரரப் பத்தி எங்கிட்டச் சொல்லி ஒரு மாசமாச்சு. அவரு இன்னும் இருக்கறாரா இல்லியான்னே எனக்குத் தெரியாது."

ஆனந்தகுமார் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போனான். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தாள். வேலை கெட்ட கோபம், அம்மாவைத் திட்டிவிட்ட கோபம். கண்ணாடிக்கு வெளியே அவன் டீக்கடைப் பக்கம் போவது தெரிந்தது. அங்கே நின்று யாருக்கோ போன் செய்தான். திரும்பி வரும்போது கையில் இரண்டு டீயும், சட்டைப் பையில் ஒரு கடலைப் பொட்டலமும் இருந்தன.

"யாருக்குங்க போனு?"

"சேலத்துல அஸ்தம்பட்டி கடைக்கு. வர லேட்டாகும், வண்டி சார்ஜ்ல நிக்குதுன்னு சொன்னேன்." டீயை அவளிடம் நீட்டினான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்துச் சார்ஜர் காலியாக இருந்தது. காத்திருக்கும் வண்டி ஒன்றும் இல்லை. தன் செல்போனை எடுத்து, எண்பதில் நிற்கும்படி வைத்திருந்ததை நூறுக்கு மாற்றினான்.

"எண்பதுக்கு மேல மெதுவாத்தான ஏறும்னு சொல்வீங்க?"

"ஆமா" என்றான் அவன். "ரொம்ப மெதுவாத்தான் ஏறும்."

அவள் டீயை வாயருகே கொண்டுபோய்விட்டுக் குடிக்காமல் சிரித்தாள். அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இல்லாத தொப்பையைத் தடவினான். "அந்த ஆத்தூர்க்காரரு இருக்கறாரே, போன வாரம்..."

மதியம் சமையலறையில் ஆளில்லாத நேரம் பார்த்து ரஞ்சனி மாமியாரிடம் போனாள்.

"அத்தை, நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நீங்க அணைச்சதா."

பெரியநாயகி ரசத்துக்குப் புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னார். "அந்தச் சுவிட்சு எனக்கு எட்டாது கண்ணு. பொட்டு வெக்கறப்பவே பாத்தியே. இது உன்ற மாமனாருக்குத் தெரியும், மடிக்கற புள்ளைங்களுக்குத் தெரியும். என்ற மகனுக்குத்தான் தெரியல."

ரஞ்சனிக்கு முகம் சிவந்துவிட்டது. காலையில் கூடத்தில் எழுந்த சிரிப்பு எதற்கென்று இப்போது புரிந்தது. "மன்னிச்சுக்கோங்க அத்தை."

"ஆமா, நான் திட்டு வாங்காத ஆளு பாரு. உடு." புளிச் சக்கையைப் பிழிந்து எறிந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அங்க என்னதான் இருக்குது?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க அத்தை. ஒரு வேப்பமரம்."

"சும்மா உக்காந்திருக்கறதா?"

"ஆமாங்க. பேசிக்கிட்டு."

"நடுவுல யாரும் வரமாட்டாங்களா?"

"வரமாட்டாங்க."

"அந்நேரத்துக்கு ஏசி போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாமுங்க."

பெரியநாயகி அடுப்பைச் சிறிதாக்கினார். பிறகு, ரசத்தைப் பார்த்துக்கொண்டே, உப்பு போதுமா என்று கேட்கும் குரலில், "ஒரு நாளைக்கு எங்க ரெண்டு பேரையும் அங்க கொண்டுபோயி உடுங்களே" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். குமாரசாமி, "சார்ஜுக்கு நான் எதுக்கு? நான் என்ன ஒயரா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். கன்னை மாட்டிவிட்டு, பெரியவர்கள் இருவரையும் முன் இருக்கைகளில் உட்கார வைத்து, ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு, ஆனந்தகுமாரும் ரஞ்சனியும் டீக்கடை பெஞ்சுக்கு வந்தார்கள்.

முதலில் கண்ணாடிக்குள் இரண்டு பேரும் நேராகப் பார்த்தபடி, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பெரியநாயகி முன்னால் இருந்த ஏதோ ஒரு பொத்தானை அணைக்கக் கையை நீட்டினார். குமாரசாமி அந்தக் கையைத் தட்டிவிட்டார். அதற்குப் பெரியநாயகி ஏதோ சொன்னார். இவர் அதற்குப் பதில் சொன்னார். பிறகு பார்த்தால் குமாரசாமி கைகளை விரித்து, அகலம் காட்டி, என்னவோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியநாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார்.

"அப்பா யாரையோ மாதிரி பேசிக் காட்டறாரு" என்றான் ஆனந்தகுமார் வியந்துபோய். "அவருக்கு இதெல்லாம் வருமா?"

ரஞ்சனி அவனைப் பார்த்தாள்.

திரையில் எண்பது வந்தது. அன்று நூறுக்கு மாற்றி வைக்க மறந்திருந்ததால் சார்ஜர் நின்றுவிட்டது. ஆனந்தகுமார் எழுந்து போய்க் கன்னைக் கழற்றக் கையை வைத்தான். கார்க் கண்ணாடி ஒரு விரல் அளவுக்கு இறங்கியது.

"ஏறட்டும் சாமி" என்றது உள்ளிருந்து பெரியநாயகியின் குரல். "இப்ப என்ன அவசரம்?"