மூன்றாம் கேள்வி வரை இருட்டு

சினிமா எடுக்கிற என் தம்பியிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அந்த ஐஸ்கிரீம் கடைக் காட்சியை வெட்டிவிடு, அம்மா படம் பார்க்க வருகிறாள் என்று. "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டினான். அவன் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்பது அவன் ஐந்து வயதுப் பையனாக இருந்தபோதே எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறேன். சினிமாவுக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஒரு கூட்டத்துக்குப் போகாமல் இருந்தேன். அந்தக் கூட்டத்தில் என்னைப் படக்கழகத்துக்குப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். வராதவர் தலையில் கட்டுவதுதானே எல்லா ஊர்க் கூட்டத்திலும் வழக்கம். மாதம் ஒரு படம் போடுவோம். முடிந்ததும் படம் எடுத்தவர் மேடையில் உட்கார்ந்து மாணவர்களோடு பேசுவார். மைக்கைப் பிடித்துக்கொண்டு "அடுத்த கேள்வி" என்று சொல்வது என் வேலை.

எங்கள் கழகத்தில் ஒரு பழக்கம் உண்டு. படம் முடிந்ததும் விளக்கைப் போட மாட்டோம். முதல் மூன்று கேள்விகள் இருட்டில்தான். கேட்பவர் பெயர் சொல்ல வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம். யாரும் செல்போன் வெளிச்சத்தை அடிக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. இது யாரும் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. ஒருநாள் படம் முடிந்த கையோடு கரண்ட் போய்விட்டது. வருகிற வரைக்கும் பேசுவோமே என்று ஆரம்பித்தால், வகுப்பில் வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளெல்லாம் என்னமாய்க் கேட்டார்கள்! அன்றிலிருந்து அப்படியே வைத்துக்கொண்டோம். மூன்றாவது கேள்விக்குப் பதில் வந்ததும் ஆபரேட்டர் அண்ணன் விளக்கைப் போடுவார்.

தம்பியின் படத்தைப் போட வேண்டும் என்று மாணவர்கள் நச்சரித்தார்கள். வெளியூர் விழாக்களில் பேர் வாங்கிய படம். நான் மட்டும் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் சொல்கிறேன். படம் எங்கள் வீட்டுக் கதை. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை, பெரும்பாலும் சாயங்கால ஷிப்ட். எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சோறு போட்டு, விளக்கைப் போட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போவாள். நான் மூத்தவள். அழுகிற தம்பியை ஜன்னலோரம் உட்கார வைத்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்து விளையாட்டுக் காட்டுவேன். அவன் தூங்கிவிடுவான். நான் பூட்டு திறக்கும் சத்தம் கேட்கும்வரை விழித்திருப்பேன்.

எனக்கு அது கஷ்டகாலம். தம்பிக்கு அது குற்றம். வளர வளர அவனுக்குள் அது ஊறிப்போய்விட்டது. படிப்பு முடிந்ததும் வீட்டை விட்டுப் போனவன், ஆடிக்கொரு தடவை அமாவாசைக்கொரு தடவை போன் செய்வான். அம்மா "சாப்பிட்டியா" என்பாள், அவன் "ம்" என்பான், அதோடு சரி. ஆறேழு மாதமாகத்தான் இருவரும் கொஞ்சம் கூடுதலாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அதை நான் எப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இந்த நிலைமையில் அந்தக் காட்சி. படத்தில் அந்த அம்மா பிள்ளைகளைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறாள். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருவதில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தியோடு ஐஸ்கிரீம் கடைக்குப் போகிறாள். கண்ணாடிக்கு வெளியே கேமரா. உள்ளே இரண்டு பேரும் சாப்பிட்டபடி விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சத்தம் கேட்காது. அங்கிருந்து நேராகப் பூட்டிய கதவைக் காட்டுகிறான், பாவி.

முதல் முறை பார்த்தபோதே போனில் கத்தினேன். "இது நடக்கவே இல்லடா! அம்மா எப்பவாவது இப்படிப் போனத நீ பாத்தியா?"

"பாக்கல. உள்ளதான பூட்டிக் கிடந்தேன்" என்றான்.

அம்மாவுக்காக நான் இத்தனை வருடம் வாதாடியிருக்கிறேன். அவள் பட்ட பாடு, அவள் விட்ட கண்ணீர் என்று அவனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கிறது. இந்தக் காட்சியை அம்மா பார்த்தால் அவ்வளவுதான், இந்த முறை ஒட்டவே ஒட்டாது என்று நினைத்தேன். கடைசியில், எங்கள் அரங்கில் மட்டும் அந்தக் காட்சி இல்லாமல் போடுவதாக ஒப்புக்கொண்டான்.

படம் போடுகிற நாளன்று காலையில் வந்து இறங்கினான். சவுண்ட் சரிபார்க்க ஆபரேட்டர் அண்ணனிடம் பழைய ஃபைலைக் கொடுத்திருக்கிறான். வெட்டிய ஃபைலை மதியம்தான் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். ஒன்றின் பெயர் 'ஃபைனல்'. இன்னொன்றின் பெயர் 'புது ஃபைனல்'. ஆபரேட்டர் அண்ணன் தான் ஓட்டிப் பார்க்காத எதையும் திரையில் போட மாட்டார். ஒருமுறை பாதிப் படத்தில் சத்தம் போய் மானம் போனதிலிருந்து அவருக்கு அது விரதம். 'எதற்கு வம்பு' என்று காலையில் ஓட்டிப் பார்த்ததையே போட்டுவிட்டார். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மா அன்று மதியமே புடவையை எடுத்து வைத்துவிட்டாள். "டைரக்டரோட அம்மான்னு யாருக்கும் சொல்லிடாத. நான் பாட்டுக்குப் பாத்துட்டு வரேன்" என்றாள். முன்வரிசையில் இடம் போட்டிருந்தேன். "முன்னால உக்காந்தா கழுத்து பிடிச்சுக்கும்" என்று கடைசி வரிசையில் மாணவிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் மேடைக்குப் பக்கத்தில். விளக்கை அணைத்ததும் அவள் முகம் எனக்குத் தெரியாமல் போனது.

படம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவாக நடித்த பெண் காட்சிக்குக் காட்சி அழுதாள். பாதிக்கு மேல் போனதும் நான் கொஞ்சம் ஆசுவாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போதுதான் திரையில் அந்தக் கண்ணாடிக் கதவு வந்தது.

அடப்பாவி!

பக்கத்தில் இருந்த தம்பியின் கையைப் பிடித்துக் கிள்ளினேன். சின்ன வயதில் கிள்ளியதை விடப் பலமாக. "புது ஃபைலத்தான் கொடுத்தேன்க்கா, சத்தியமா" என்று கிசுகிசுத்தான். குரலே சரியில்லை. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாமா என்று எழுந்தேன். நடுவில் நிறுத்தினால், எதற்கு நிறுத்தினார்கள் என்று அரங்கமே அந்தக் காட்சியைத்தான் பேசும். உட்கார்ந்துவிட்டேன். திரையில் அந்த இரண்டு பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

படம் முடிந்தது. இருட்டு. தம்பி தட்டுத்தடுமாறி மேடை நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தான். பின்வரிசையில் யாராவது எழுந்து போகும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. "முதல் கேள்வி" என்றேன்.

ஒரு பையன் ஜன்னலை ஏன் எப்போதும் கீழேயிருந்தே காட்டினீர்கள் என்று கேட்டான். குழந்தையின் உயரம் அதுதான் என்று தம்பி சொன்னான். எனக்குப் பாதி காதில் விழவில்லை.

இரண்டாவது கேள்வி ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. சூடான குரல். "கேள்வி இல்ல சார், மனசுல பட்டதச் சொல்றேன். அதுவரைக்கும் அந்தம்மா மேல பரிதாபமா இருந்துது. அந்த ஐஸ்கிரீம் கடை சீன்ல வெறுத்துட்டேன். பிள்ளைங்க உள்ள பூட்டிக் கிடக்குதுங்க, இவ உக்காந்து சிரிக்கறா. என்ன பொம்பள சார் அவ?"

மைக்கில் தம்பியின் மூச்சு கேட்டது. பல வருடமாக அவன் மனதில் இருந்த கேள்வியை யாரோ ஒரு பெண் கேட்டுவிட்டாள். அதுவும் கேட்கக் கூடாத காது கேட்கும்படி. கடைசியில், "அத நான்... பார்வையாளருக்கே விட்டுட்டேன்" என்று மென்று விழுங்கினான். நானே ஏதாவது சொல்லி முடித்துவிடலாம் என்று மைக்கைத் தூக்கினேன்.

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "டைரக்டர் சார்கிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

தூக்கிய மைக்கை இறக்கினேன். அம்மா.

"படம் பூரா அந்தப் பொம்பள அழுதுக்கிட்டே இருக்காளே. பாத்திரம் கழுவறப்ப அழறா, துணி மடிக்கறப்ப அழறா, பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து அழறா. அவ்வளவு அழறதுக்கு அவளுக்கு நேரம் ஏது சார்?"

அரங்கம் சிரித்தது. அம்மா காத்திருந்தாள்.

"அவளுக்குத் தூக்கந்தான் வந்திருக்கும். நின்ன இடத்துல தூக்கம். படத்துல ஒரே ஒரு இடந்தான் உள்ளது உள்ளபடி இருக்கு. அந்த ஐஸ்கிரீம் கடை. அது மட்டும் உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இருட்டில் நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். உள்ளது உள்ளபடியா? அப்படியானால் அம்மா போயிருக்கிறாள். பூட்டுச் சத்தத்துக்காக நான் கண் எரிய விழித்திருந்த நேரத்தில் அவள் ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றான் தம்பி. "கோவத்துல எழுதினேன். இப்படி இருந்திருப்பாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

"கோவத்துல எழுதினாலும் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள் அம்மா. பிறகு குரல் கொஞ்சம் திரும்பியது. "இப்ப பேசின பொண்ணு எங்க இருக்கம்மா? உன் கோவம் நியாயந்தான். பூட்டிட்டுப் போனது தப்பு. பூட்டலன்னா பிள்ளைங்க ரோட்டுக்கு ஓடியிருக்கும், அதுவும் தப்பு. ஆனா சிரிச்சது தப்பில்ல. அந்தக் கடைக்கு எதிர்லதான் பஸ் ஸ்டாண்டு. எல்லா ஊருக்கும் பஸ் நிக்கும். தெனமும் அவ அதப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பா. எதுலயாவது ஏறிட்டா போதும்னு இருக்கும். கூட இருந்தவ வா வான்னு கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவா. செத்த நேரம் உக்காந்து சிரிப்பாங்க. சிரிச்சதாலதான் அவ வீட்டுக்குத் திரும்பிப் போனா. இல்லன்னா போயிருக்க மாட்டா."



சின்ன வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பூட்டு திறக்கும், அம்மா வருவாள். மழை பெய்தாலும் வருவாள், பஸ் ஓடாவிட்டாலும் நடந்து வருவாள். நான் பயந்ததெல்லாம் இன்றைக்கு எந்நேரம் ஆகுமோ என்றுதான். வராமலே இருந்திருக்கலாம் என்பது அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட என் புத்தியில் ஏறியதில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் பஸ்களுக்கு எதிரே நின்று அவள் முடிவெடுத்து வந்திருக்கிறாள். என் கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கை, மைக்கைப் பிடிக்க ஒரு கை என்று நின்றேன்.

ஆபரேட்டர் அண்ணன் விளக்கைப் போடவில்லை. மூன்றாவது கேள்விக்குத் தம்பி இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை என்று அவர் கணக்கு போலிருக்கிறது.

தம்பி தொண்டையைச் செருமினான். அவன் குரல் மாறியிருந்தது. மேடைக் குரல் இல்லை.

"அவங்க ரெண்டு பேரும் என்ன பேசிச் சிரிச்சிருப்பாங்கன்னு எனக்கு எழுத வரவே இல்ல. எத்தனையோ தடவ எழுதிப் பாத்தேன். அதான் கேமராவக் கண்ணாடிக்கு வெளிய வெச்சுட்டேன்." பிறகு கேட்டான். "என்ன பேசுவீங்க? சொல்லேன்மா."

அரங்கத்தில் சலசலப்பு. அந்த ஒரு வார்த்தையில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள். சூடாகக் கேட்ட அந்தப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

"ஏன்டா, அதெல்லாம் பெத்த பிள்ளைங்ககிட்ட சொல்ற விஷயமாடா?" என்றாள் அம்மா. சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்கு ஏதோ நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "அடி ஆத்தாடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே முதலில் அவள் வரிசை சிரித்தது, பிறகு மொத்த அரங்கமும்.

எனக்கு அந்தச் சிரிப்பு புதிது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்து, அவள் கண்ணீருக்கெல்லாம் நான்தான் வக்கீல் என்று நினைத்துக்கொண்டிருந்த நான், இதைக் கேட்டதே இல்லை.

விளக்கு வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். மேடையில் தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான். அடுத்த கேள்வி என்று நான்தான் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அவள் சிரித்து முடியட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.